உரிமையாளர் யார்? நகர விலங்குக் கட்டுப்பாட்டு விதிகளும் தோட்டத்திலிருந்து வந்த தமிழரும்: தஞ்சோங் ரம்புத்தானை முன்வைத்து

நாய், மாடு முதலியவற்றை நகரில் எவ்வாறு வளர்ப்பது என்று கூறும் விதிகளை ஊராட்சி அலுவலர்க்கு மட்டுமே உரியனவாகக் கருதி, மொழி, பண்பாட்டுத் துறையினர் அவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் ஒரு சமூகம் தன்னோடு வாழும் விலங்கை எப்பெயரிட்டு அழைக்கிறது, அதனை யாருடையதாகக் கருதுகிறது என்னும் வினாக்களுக்கு அவ்விதிகளின் வரையறைப் பிரிவிலேயே விடை எழுதப்பட்டுவிடுகிறது. அவ்விடை அச்சமூகத்தின் வாழ்க்கை முறைக்குப் பொருந்தாதபோது விலங்கு உயிரை இழக்கிறது. மனிதர் தண்டத்தொகை கட்டுகின்றனர். விதிகளைத் திருத்தும்போது தண்டத்தொகையை உயர்த்துவதைக் காட்டிலும் 'உரிமையாளர்' என்ற சொல்லின் வரையறையை மாற்றுவதே முதன்மையானது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இதற்குத் தஞ்சோங் ரம்புத்தான் ஏற்ற எடுத்துக்காட்டாகும். ஈப்போவிற்கும் செம்மோருக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டி அமைந்த இவ்வூர், ஈப்போ மாநகர் மன்றத்தின் ஆட்சி எல்லைக்கு உட்பட்டது. 1911இல் இங்குத் தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனையால் ஊரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. (அப்பெயரையே கேலிச் சொல்லாக ஆளும் வழக்கம் நம் மாணவரிடமும் இருப்பதை ஆசிரியர்கள் அறிவர், அது கைவிடத்தக்கது.) ஈயச் சுரங்கமும் பால்மரத் தோட்டமும் வளர்த்த கிந்தாப் பள்ளத்தாக்கின் ஓர் ஓரத்தில், தோட்டமும் கம்பமும் வீடமைப்புப் பகுதியும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஊர் இது. ஈப்போ 1988இல் மாநகரத் தகுதி பெற்றது. மாநகரத்திற்கென எழுதப்படும் விதி, மாநகரம் போல் தோன்றாத இத்தகைய விளிம்பு ஊர்களையும் ஆள்கிறது.

சட்டத்தின் அடுக்குகள்

மலேசியாவில் விலங்குக் கட்டுப்பாடு ஒரே கையில் இல்லை. கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் ஊராட்சி மாநிலப் பட்டியலில் உள்ளது. அதே பட்டியலில், சந்தை, இடுகாடு ஆகியவற்றோடு உள்ளூர்ச் சேவைகளுள் ஒன்றாக, மாடுகளை அடைக்கும் பட்டியும் கால்நடை அத்துமீறலும் இடம்பெறுகின்றன. கால்நடை வளர்ப்பு, விலங்கு மருத்துவம், விலங்கு வதைத் தடுப்பு ஆகியவையோ பொதுப் பட்டியலைச் சேர்ந்தவை. ஆகவே ஒரு மாடு அடுத்தவர் தோட்டத்தில் மேய்ந்தால் அது மாநிலத்தின் பொருள். அம்மாட்டை ஒருவர் வதைத்தால் அது கூட்டரசும் மாநிலமும் சேர்ந்து கவனிக்க வேண்டிய பொருள்.

இவற்றின் கீழே ஊராட்சி மன்றம் நிற்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 102ஆம் பிரிவு மன்றங்களுக்குத் துணைச்சட்டம் இயற்றும் அதிகாரத்தை வழங்குகிறது. 103ஆம் பிரிவின்படி மாநில அரசு உறுதி செய்து அரசிதழில் வெளியிட்ட பின்னரே அத்துணைச்சட்டம் நடப்புக்கு வரும். 104ஆம் பிரிவு தண்டனைக்கு உச்ச வரம்பு விதிக்கிறது: 2,000 ரிங்கிட் தண்டம், அல்லது ஓராண்டுச் சிறை, அல்லது இரண்டும். எந்த மன்றமும் இவ்வரம்பைத் தாண்ட இயலாது.

மேலடுக்கில் நேர்ந்த மாற்றம் பெரிது. 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தில் வதைக்குரிய தண்டம் நெடுங்காலமாக வெறும் 200 ரிங்கிட்டாகவே இருந்தது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 50,000 ரிங்கிட் வரை உயர்த்தியது. அதன்பின் வந்த 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டமோ, மூன்றாண்டுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது; அது 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் உணவு, உறைவிடம், உடல்நலம் ஆகியவற்றுக்குக் கடமைப்பட்டவர் என்னும் கருத்து இச்சட்டத்தில் தெளிவாக இடம்பெற்றது. நாய் உரிமத் துணைச்சட்டங்களின் அமைப்போ 200 ரிங்கிட் காலத்துச் சிந்தனையில் உருவானது. ஆண்டுதோறும் உரிமம், கழுத்துப் பட்டையில் எண் வில்லை, வீட்டின் வகைக்கேற்ப நாய்களின் எண்ணிக்கை, பொதுவிடத்தில் கட்டவிழ்ந்து திரியத் தடை, பிடிபட்ட நாயைக் குறித்த நாள்களுக்குள் பணம் கட்டி மீட்டல், மீட்காவிடில் அழித்தல் என்பதே அவற்றின் பொதுச் சாயல். கால்நடைச் சேவைத் துறை சில நாயினங்களின் இறக்குமதிக்குத் தடையும் சிலவற்றுக்குக் கட்டுப்பாடும் விதித்துள்ளமை பின்னர்ச் சேர்ந்த கிளை. அது நம் பொருளன்று. தோட்டத்து நாய்க்கு இனப்பெயர் ஏது?

இச்சாயலின் மூலத்தைப் பிரித்தானியச் சட்டத்தில் காணலாம். 1906ஆம் ஆண்டு நாய்கள் சட்டம் அந்நாட்டில் இரு கொள்கைகளை நிலைநாட்டியது. கால்நடைக்குத் தீங்கு விளைத்த நாய் எவ்வீட்டில் வளர்க்கப்பட்டதோ, தங்க விடப்பட்டதோ, அவ்வீட்டில் குடியிருப்பவரையே அதன் உரிமையாளராக ஊகிக்கலாம் என்பது ஒன்று. காவலர் பிடித்த நாயை ஏழு முழு நாள்களுக்குள் எவரும் மீட்காவிடில் விற்கவோ கொல்லவோ செய்யலாம் என்பது மற்றொன்று. ஒரு வீடு, ஒரு குடித்தலைவர், ஒரு நாய் என்னும் ஆங்கிலக் குடும்ப அமைப்பு இவ்விதிகளுக்கு அடிப்படை. அவ்வமைப்பு இல்லாத இடத்தில் இக்கொள்கை என்ன ஆகும் என்பதே நமக்குரிய வினா.

லயத்து விலங்குகள்

பால்மரத் தோட்டத்தில் வீடு தொழிலாளிக்குச் சொந்தமன்று, நிறுவனத்திற்குச் சொந்தம். வரிசையாக அமைந்த லயத்தில் ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. அங்கு வளர்ந்த நாய் ஒரு வீட்டு வாசலில் படுத்தது, மறுவீட்டில் உண்டது, விடியற்காலையில் மரம் சீவச் செல்வோருடன் நிரைக்குச் சென்றது, கோயில் திருவிழா நாளில் முனியாண்டி சந்நிதியில் கிடந்தது. அது யாருடைய நாய் என்று கேட்டால் 'நம்ம லயத்து நாய்' என்பதே விடை. அந்த விடைக்கு உரிம விண்ணப்பத்தில் இடமில்லை. வீட்டில் குடியிருப்பவரே உரிமையாளர் என்ற ஊகத்தை அங்குப் பொருத்தினால் யாரைச் சுட்டுவது? தொழிலாளியையா, லயத்தையா, நிறுவனத்தையா?

இவ்வினா தோட்டத்திற்குள் எழவே இல்லை என்பதும் உண்மை. தோட்டம் தனியார் நிலம். ஊராட்சி மன்றங்களின் சேவை அதன் வேலிக்கு வெளியே நின்றது. குப்பை, வடிகால் முதல் விலங்கு வரை யாவும் நிர்வாகத்தின் ஆளுகையில் இருந்தன. துரையே மன்றம், கிராணியே எழுத்தர். நகர விதிகள் தோட்டத் தமிழரை முதன்முதலாகத் தொட்டது அவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறியபோதுதான். பால்மரம் செம்பனைக்கு வழிவிட்டதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கு விற்கப்பட்டதும், வேலையோடு வீடும் போனதும் நம் ஆய்வாளர் பலர் எழுதியவை. விலங்குகள் என்னவாயின என்று எழுதியோர் குறைவு. மலிவுவிலை அடுக்ககத்திலும் வரிசை வீட்டிலும் குடியேறியவர் நாயை விட்டுவிட்டு வந்தனர், அல்லது கொண்டுவந்து மன்றத்தின் கணக்கில் குற்றவாளியாயினர். விட்டுவந்த நாய்களோ அடுத்த தலைமுறையில் 'திரியும் நாய்கள்' என்று புகாராகி அதே மன்றத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தன.

மாட்டின் வரலாறு இன்னும் அழுத்தமானது. இந்தியத் தொழிலாளருடன் இந்நாட்டிற்கு வந்த கறவை மாடுகளின் வழித்தோன்றல்களை மலேசியக் கால்நடை அறிவியலார் 'உள்நாட்டு இந்தியக் கறவை மாடு' என்று தனி வகையாகவே குறிப்பர். மண்ணின் மாடான கெடா–கிளந்தான் இனத்திலிருந்து அதனை வேறுபடுத்திக் காட்டுவர். சீவு முடிந்த மாலையில் புல்லறுத்து, கொட்டகையில் கட்டி, விடியலில் கறந்து விற்ற பால் தோட்டக் குடும்பத்தின் இரண்டாம் வருவாய். மகளின் திருமணமும் மகனின் படிப்பும் பல வீடுகளில் மாட்டை விற்ற பணத்தில் நடந்தன. மேய்ச்சலுக்கு இருந்த மரநிழல் வீடமைப்புப் பகுதியாக மாறிய பின் மாடு சாலைக்கு வந்தது. சாலையில் இரவில் படுத்திருக்கும் மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதி உயிரிழப்போர் உள்ளனர். ஆதலின் மாட்டுக்காரரின் வறுமையை மட்டும் கூறி மன்றத்தைப் பழிப்பது நேர்மையாகாது. எனினும் மாட்டைப் பிடித்து அடைக்கும் விதிக்கு முன்னே, மாட்டைக் கட்டி வைக்க ஓரிடம் குறிக்கும் விதி வேண்டும். பட்டி உண்டு, மேய்ச்சல் நிலம் இல்லை என்பது பாதி விதி.

பெயரில் அடங்கிய தீர்ப்பு

தமிழாசிரியர்க்கு இப்பொருளில் மிகவும் உரிய பகுதி சொற்களே. உரிமையாளர் அறியப்படாத நாயை மலாய் மொழி 'அஞ்சிங் லியார்' என்கிறது. 'லியார்' என்பது காட்டுத்தன்மையுடையது, அடங்காதது என்னும் பொருள் தருவது. அச்சொல் நாயின் இயல்பின்மேல் ஏற்றப்படுகிறது. தமிழகத்தார் 'தெருநாய்' என்பர். இது இடத்தை மட்டும் கூறும் சொல், தீர்ப்புக் கூறுவதன்று. இலங்கைத் தமிழர் 'கட்டாக்காலி' என்பர். நாய்க்கும் மாட்டிற்கும் அது பொதுவாக வழங்கும். கட்டப்படாத கால்நடை என்பதே பொருள். கட்டாதவன் ஒருவன் இருக்கிறான் என்ற குறிப்பு அதனுள் அடங்கியுள்ளது. பிறர் நிலத்தில் புகுந்து மேயும் மாட்டைக் 'கொண்டி மாடு' என்றும், அதனை அடைக்குமிடத்தைக் 'கொண்டித்தொழு' என்றும் பழைய வழக்கு கூறும். அங்கும் குற்றம் மாட்டின் செயலில் இருக்கிறதேயன்றிப் பிறப்பில் இல்லை.

மலேசியத் தமிழ் நாளிதழ்கள் 'தெருநாய்' என்று எழுதினாலும், அச்செய்திக்கு மூலமான மன்ற அறிக்கையில் 'லியார்' என்றே இருக்கும். ஒரே விலங்கு, ஒரு மொழியில் இடத்தால் அறியப்படுகிறது; மறுமொழியில் குணத்தால் குற்றஞ்சாட்டப்படுகிறது. 2024 அக்டோபரில் திரெங்கானுவின் பெசுட்டில் 'கோப்பி' என்று மக்கள் பெயரிட்டு அழைத்த ஒரு நாய் சுட்டுக் கொல்லப்பட்டதும் நாடெங்கும் எழுந்த சினத்தின் ஒரு காரணம் இதுவே எனலாம். பெயரிட்டு உணவளிக்கப்பட்ட ஒரு விலங்கை 'லியார்' என்பது எவ்வாறு பொருந்தும்? விதியின்படி பொருந்தும், உரிமம் இல்லை, ஆகவே உரிமையாளர் இல்லை.

இந்தியாவின் விதிகள் இச்சொல்லாட்சியில் நகர்ந்திருப்பது நோக்கத்தக்கது. 2001ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வளர்ப்பு நாய், தெருநாய் எனப் பிரித்தன. அவற்றுக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டு விதிகள் 'சமுதாய விலங்கு' என்னும் கருத்தைக் கொணர்ந்தன. எவரும் உரிமை கோராத விலங்கும் ஒரு சமுதாயத்தில் பிறந்து வாழ்வது என்ற ஏற்பு அதில் உள்ளது. 'நம்ம லயத்து நாய்' என்று நம் தாத்தாக்கள் சொன்னதும் ஏறத்தாழ இதுவே.

வெறிநோயும் கணக்கும்

சொல்லை மாற்றினால் போதும் என்று கூறுவதன்று நோக்கம். இவ்விதிகளின் பின்னே மெய்யான அச்சம் உள்ளது. தமிழகத்தில் வெறிநாய்க்கடி என்றும் இலங்கையில் விசர்நாய்க்கடி என்றும் வழங்கும் நோய், அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிப்பது. மனிதர்க்கு வரும் நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயின் வழியே வருவதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. மலாயாவில் 1952இல் கோலாலம்பூரை ஒட்டி இந்நோய் பரவியபோது கட்டாயத் தடுப்பூசியும் நாயழிப்பும் ஒருசேர நடந்தன. பின்னர்த் தாய்லாந்து எல்லையை ஒட்டிப் பெர்லிஸ், கெடா, பேரா, கிளந்தான் மாநிலங்களில் தடுப்பூசி இட்ட நாய்களின் காப்பு வளையம் அமைக்கப்பட்டது. பேராவின் நாய் விதிகளைப் படிப்போர் இவ்வரலாற்றை மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

2013இல் நோயற்ற நாடு என்று அறிவிக்கப்பட்ட மலேசியாவில், 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் மீண்டும் தோன்றியது. பினாங்கு அரசு திரியும் நாய்களைக் கொல்ல ஆணையிட்டு, கடும் எதிர்ப்புக்குள்ளாயிற்று. 2017 ஜூலைத் தொடக்கத்தில் சரவாக்கின் செரியான் பகுதியில் பரவல் அறிவிக்கப்பட்டது. அன்று முதல் அம்மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர், அவருள் முதலில் மாண்டோர் குழந்தைகள். விலங்கு நலச் சட்டமும் அதே ஜூலையில் நடப்புக்கு வந்தது என்பது தற்செயலே எனினும், ஒரு மன்றம் இவ்விரண்டையும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கொல்வது நோயைத் தடுக்குமா? சென்னையின் பட்டறிவு இதற்கு விடை தருகிறது. அங்கு மாநகராட்சி 1860இல் நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கிற்று. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒன்று என்றிருந்த எண்ணிக்கை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்த பின் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல் என்றாயிற்று என்று புளூ கிராஸ் அமைப்பினர் எழுதியுள்ளனர். 1996இல் மாநகராட்சி அம்முறையைக் கைவிட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் இட்டு அதே இடத்தில் விடும் முறைக்கு மாறியது. இலங்கையும் 2006இல் கொல்லாமைக் கொள்கையை ஏற்றது. இதன் கணக்கு எளியது. ஓர் இடத்து நாய்களில் எழுபது விழுக்காட்டுக்குத் தடுப்பூசி இட்டால் நோய்த் தொடர் அறும். தடுப்பூசி இட்ட நாயைக் கொன்றாலோ அந்த விழுக்காடு குறைகிறது. ஒழிந்த இடத்திற்குத் தடுப்பூசி காணாத புதிய நாய் வருகிறது. பெட்டை நாய் சினையுற்ற ஏறத்தாழ 63 நாளில் குட்டி ஈனும். பிடிப்பவர் கை அவ்வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாது.

ஆயினும் கருத்தடை முறையை ஆரவாரத்தோடு தொடங்கி அரைகுறையாக நடத்தினால் மக்கள் பொறுமை இழப்பர். 2025 ஆகஸ்டு 11 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஈருறுப்பினர் அமர்வு தில்லிப் பகுதித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. அதே மாதம் 22ஆம் நாள் மூவர் அமர்வு அதனை மாற்றி, வெறிநோயுற்றனவும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடக் கூறியது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றப்படும் நாய்களை அங்கு மீண்டும் விடலாகாது என்றது. சில மாதங்களில் நேர்ந்த இம்மாற்றங்களுக்குப் பின்னே, விதி ஏட்டில் இருந்தும் பணமும் பணியாளரும் இல்லாமற்போன நெடிய ஆண்டுகள் உள்ளன. விதியே இல்லாத இடத்தில் நிகழ்வது இன்னும் கொடிது: 2009இல் சிலாங்கூரின் கேத்தாம் தீவு மக்கள் முந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களை அருகிலுள்ள சதுப்புத் தீவுகளில் கொண்டுபோய் விட்டனர்.

திருத்த வேண்டியவை

ஈப்போவைப் போன்ற ஒரு மாநகர் மன்றம் தன் துணைச்சட்டங்களைப் புதுப்பிக்குமாயின், முதலில் உரிமையாளரையும் பராமரிப்பவரையும் பிரித்தல் வேண்டும். இன்று ஒரு நாய்க்குச் சோறு வைக்கும் மூதாட்டி, 'நாய் என்னுடையது' என்றால் உரிமமின்மைக்குத் தண்டம் கட்ட நேரும். 'என்னுடையதன்று' என்றால் நாய் பிடிபடும். அவர் பொய் சொல்லவும் வழியில்லை, மெய் சொல்லவும் வழியில்லை. குடியிருப்போர் சங்கமோ, கோயில் நிர்வாகமோ, தன்னார்வ அமைப்போ பொறுப்பேற்றுக் கருத்தடையும் தடுப்பூசியும் இட்ட நாயைக் கூட்டாகப் பதிவு செய்ய இடந்தந்தால் இச்சிக்கல் தீரும். பொறுப்பு என்பது கடித்தால் பதில் சொல்வதையும் உள்ளடக்கியதே. அதனை மறைத்து இம்முறையைப் பரிந்துரைப்பது தவறு.

வீட்டு வகைக்கேற்ப எண்ணிக்கை வரையறுக்கும் விதியைப் பொறுத்தவரை இருதரப்பு நியாயமும் உண்டு. வரிசை வீட்டில் பக்கத்துச் சுவர் பொதுச்சுவர். அண்டை வீட்டார் முஸ்லிமாக இருப்பின் நாயின் ஈரம் படுவது அவர்க்குச் சமயத் தூய்மை பற்றிய சிக்கலாகிறது. இதனைப் பகையாகக் காணாது இடவமைப்புச் சிக்கலாகக் காண்பதே முறை. வேலி, கட்டும் கயிற்றின் நீளம், கழிவகற்றல் ஆகியவற்றை விதி தெளிவாகக் கூறினால் எண்ணிக்கை பற்றிய பூசல் பெரிதும் தணியும். பிடித்த நாயை வைத்திருக்கும் நாள்களின் எண்ணிக்கையோ வாரச் சம்பளக்காரரின் கணக்கில் பார்க்கப்பட வேண்டும். மீட்புத் தொகை சம்பள நாளுக்கு முன் கைக்கு எட்டாது.

நடைமுறை பற்றியும் ஒரு சொல். நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் உள்ளூர்த் திட்டம் வகுக்கும்போது பொதுமக்கள் கருத்துரைக்க வழி செய்கிறது. துணைச்சட்டத்திற்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய கட்டாயம் எதனையும் விதிக்கவில்லை. ஊராட்சித் தேர்தல்களும் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முற்றாக நீங்கின. மன்ற உறுப்பினர் மாநில அரசால் நியமிக்கப்படுபவர். ஆகவே தஞ்சோங் ரம்புத்தான்வாசி ஒருவர் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்ல விரும்பினால், அவ்வட்டார மன்ற உறுப்பினரையோ குடியிருப்போர் சங்கத்தையோ நாடுவதே வழி. வரைவு அரசிதழில் வரும்முன் நாட வேண்டும். வந்தபின் திருத்தம் மீண்டும் அதே படிகளை ஏற வேண்டியிருக்கும்.

அவ்வரைவைத் தமிழில் எடுத்துரைப்போர்க்கு ஒரு குறிப்பு. மலாயில் 'பெமிலிக்' என்றிருப்பதை 'உரிமையாளர்' எனலாம். 'பெஞ்ஜாகா' என்று தனியாக வருமாயின் அதனையும் 'உரிமையாளர்' என்று பெயர்த்துவிடலாகாது. 'பராமரிப்பவர்' எனல் வேண்டும். 'அஞ்சிங் லியார்' என்பதற்குக் 'காட்டு நாய்' என்று எழுதுவது பிழை, 'தெருநாய்' போதும், கட்டாமல் விடப்பட்ட வளர்ப்பு நாயைக் குறிக்குமிடத்து இலங்கையாரின் 'கட்டாக்காலி' தயங்காமல் ஏற்கத்தக்கது. 'லுபுஸ்' என்பதை 'அழித்தல்' என்று எழுதாது, விலங்கைக் கொல்லுதல் என்பது பொருளாயின் 'கொல்லுதல்' என்றே எழுதுக.